சம்பந்தி ஏறிய ஆஸ்திரேலிய மலையும் எங்கள் மண்மேடும்

எனக்குச் சந்தேகம் என்பது சர்க்கரை வியாதி மாதிரி. பரம்பரையாக வந்தது, பத்தியம் இருந்தாலும் போகாது. பால் பாக்கெட் வாங்கினால் தேதியை இரண்டு தடவை பார்ப்பேன். குவார்ட்டர்ஸைப் பூட்டினால் பூட்டைப் பத்து தடவை இழுத்துப் பார்ப்பேன். (ஒருநாள் பதினோராவது இழுப்பில் பூட்டே கையோடு வந்துவிட்டது.) நான் சந்தேகப்படாத ஒரே ஆள் அந்த முருகப்பெருமான்தான். மற்றபடி மனுஷர், மாடு, மலை எதையும் நான் விட்டுவைத்ததில்லை. மலை எங்கே வந்தது என்று கேட்பீர்கள். அதைத்தான் சொல்லப் போகிறேன், வெட்கத்தோடு.

ஊரில் எல்லார் கைக்கும் பெரிய போன் வந்துகொண்டிருந்த சமயம். என் மகள் பவானிக்கு ஒரு வரன் வந்தது. பையன் குமரன், காடாம்புலியூர்க்காரன். ஆஸ்திரேலியாவில் மலையடிவாரச் சின்ன ஊர் ஒன்றில், பால் தொழிற்சாலையில் எலக்ட்ரீசியன். ஜாதகம் பொருந்தியது. வடலூர் சபைக்குப் போய் ஜோதியைக் கும்பிட்டுவிட்டு வந்தேன், மனசுக்கு நிறைவாக இருந்தது. அதோடு விட்டிருக்கலாம்.

நாள் குறிக்கக் குமரனின் அப்பா தனபால் எங்கள் வீட்டுக்கு வந்தார், சம்சாரத்தோடு. முந்திரித் தோப்பு வைத்திருக்கிற விவசாயி. மகனைப் பார்க்க மூன்று மாதம் ஆஸ்திரேலியா போய்விட்டு வந்தவர். அந்தப் பயணத்தின் போட்டோக்களைக் கல்யாண ஆல்பம் கணக்காகப் போட்டுக் கொண்டுவந்திருந்தார். "பாருங்க சம்பந்தி" என்று மடியில் வைத்தார்.

பார்த்தேன். ஒரு மலை. மலை முழுக்கத் தைலமரம். மரத்தடியில் வெள்ளை வேட்டி, ஸ்வெட்டர், மப்ளரோடு இவர். அடுத்த பக்கம், அதே வேட்டி, வேறு தைலமரம். அதற்கடுத்து முள்வேலி ஓரம் நாலு மாடு. மாடும் நம்ம ஊர் மாடு மாதிரி நம்மையே முறைத்துக்கொண்டிருந்தது.

எனக்குப் பொறி தட்டியது.

நான் நெய்வேலிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஆபரேட்டர். படிப்பு பத்தாவது. கான்ட்ராக்டில் சேர்ந்து முருகன் புண்ணியத்தில் பெர்மனென்ட் ஆனவன். நிலக்கரிக்கு மேலே இருக்கிற மண்ணை வெட்டி ஒரு பக்கமாகக் கொட்டுவோம். கொட்டக் கொட்ட அது மலையாக வளர்ந்துவிடும். சரியாமல் இருக்கப் படிப்படியாகத் தட்டி, மேலே தைலமரம் நட்டுவிடுவார்கள். நெய்வேலிக்காரனுக்கு மலை என்றால் அதுதான், நாங்களே ஷிப்ட் போட்டுச் செய்த மலை. இந்தப் போட்டோவில் இருந்த மலையிலும் சரிவில் படிப்படியாகக் கோடு தெரிந்தது. ஆண்டவன் செய்த மலையில் ஏது படி?

"கங்காரு இல்லீங்களா?" என்று மெல்லக் கேட்டேன்.

"பாத்தங்க. போனை எடுக்கறதுக்குள்ள ஓடிப்புடுச்சி."

"பனி பெய்யும்னு சொல்வாங்களே?"

"நான் போனது ஜனவரிங்க. அங்க அப்ப நல்ல வெய்யில்."

பொங்கல் மாசத்தில் நல்ல வெயில்! "அப்புறம் ஸ்வெட்டர் எதுக்கு?"

"காலையில மலை மேல குளுரும்ங்க."

வெயிலும் அடிக்குமாம், குளிரும் குளிருமாம். என் மனைவி செல்வி காபி டம்ளர் வைக்கிற சாக்கில் என் தொடையைக் கிள்ளினாள். நான் தொடையைக் காப்பாற்றிக்கொண்டேனே தவிர சந்தேகத்தை விடவில்லை. வெளிநாட்டு மாப்பிள்ளை என்று நம்பி ஏமாந்த கதைகள் எங்கள் பிளாக்கில் தெருவுக்கு ஒன்று உண்டு. ஒற்றைப் பெண். இவர் மலையே பொய் என்றால் மாப்பிள்ளை வேலை மட்டும் நிஜமாக இருக்குமா?

உடனே ஒரு திட்டம் போட்டேன். "நல்ல விஷயம் பேசியிருக்கோம், கோயிலுக்குப் போயிட்டு வந்துடலாம்" என்று எல்லாரையும் ஆட்டோவில் ஏற்றினேன். கோயிலுக்கும் போனோம். (அந்தப் பாவத்தைப் பாதியாவது குறைத்துக்கொண்டேன்.) திரும்பும்போது, "ஒரு இடம் காட்டறேன்" என்று பழைய மண்மேட்டுக்கு விடச் சொன்னேன். நானும் தனபாலும் முன்னால் ஏறினோம். பெண்கள் மூன்று பேரும் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

மேலே போய் ஒரு தைலமரத்தடியில் அவரை நிறுத்தினேன். ஆல்பத்தை விரித்தேன். மரத்தைக் காட்டினேன், படத்தைக் காட்டினேன். போலீஸ்காரன் தோற்றான்.

"எப்படிங்க இருக்கு? பழகின இடம் மாதிரி தெரியலீங்களா?"

அவர் ஒரு இலையைப் பறித்துக் கசக்கி மோந்து பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"அதே வாசனை சம்பந்தி. பையன் விடிய ஆறு மணிக்கு வேலைக்குப் பூடுவான். அக்கம்பக்கம் ஒரு வூடு கெடையாது. பேச ஆளில்ல. மலைக்குப் பின்னாடி மலை, அதுக்குப் பின்னாடி மலை, எல்லாம் நீலமா நிக்கும். கடேசி மலை எது, வானம் எதுன்னே தெரியாது. அம்மாம் அழகுங்க. ஆனா எனக்கு பயமா இருக்கும். இந்த மரத்தப் பாத்தப்புறந்தான் தெம்பு வந்துச்சி. நம்ம ஊரு மரமாச்சேன்னு தெனமும் அதுங்கீழ போயி குந்திக்கினு இருப்பேன்."

கல் கூடக் கரைந்திருக்கும். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"ஆக, இங்க எடுத்ததுதான்னு ஒத்துக்கறீங்க."

அதற்குள் பெண்களும் மேலே வந்துவிட்டார்கள். தனபால் என்னையும் ஆல்பத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

"அப்ப மூணு மாசம் நான் எங்க போனேன்? பொண்டாட்டிகிட்ட பொய் சொல்லிப்புட்டு ஒங்க மண்மேட்டுல குந்திக்கினு இருந்தனா?"

"இல்லீங்க, அந்தப் படி..."

"அது மாடு மேஞ்ச தடம்ங்க! வருசக்கணக்கா நடந்து நடந்து உண்டான தடம்!"

சம்பந்தியம்மா மூச்சு வாங்கியபடியே சொன்னார்: "அவரு போனது நெசந்தாங்க. அந்த மூணு மாசம் நான் நிம்மதியா இருந்தனே, எனக்குத் தெரியாதா?"

வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்போம். தனபால் ஆல்பத்தை மூடித் துண்டில் சுற்றினார். "எங்க பேச்ச நம்பாத வூட்டுல சம்பந்தம் வாணாம்" என்று இறங்கி நடந்தார். தட்டு மாற்ற வாங்கி வைத்திருந்த வெற்றிலை வீட்டில் அப்படியே இருந்தது.

பவானி அழவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது. "நான் அவரோட தினம் போன்ல பேசறேன்ப்பா. ஜன்னல் வழியா அந்த மலையைக் காட்டியிருக்காரு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றாள். சுரங்கத்தில் எத்தனை டன் மண் அள்ளியிருக்கிறேன், என் தலையில் போட ஒரு பிடி கிடைக்கவில்லை.

எட்டு நாள் போன் இல்லை. ஒன்பதாம் நாள் விரதமிருந்து காடாம்புலியூருக்கு பஸ் ஏறினேன். தனபால் முந்திரிக்கொட்டை காயவைத்துக்கொண்டிருந்தார். "தப்பு பண்ணிட்டேன், என் பொண்ணைத் தண்டிச்சிடாதீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டேன். வெகுநேரம் கொட்டையையே கிளறினார். கடைசியில், "புள்ள ஒங்க பொண்ணத்தான் கட்டுவேன்னு நிக்கறான். நிச்சயத்துக்கு வரிசையோட வரேன், போங்க" என்றார். அந்த 'வரிசையோட' என்ற வார்த்தையை அவர் அழுத்திச் சொன்னது எனக்குச் சரியாகப் படவில்லை. (பாருங்கள், அப்போதும் சந்தேகம்.)

நிச்சயதார்த்தத்தன்று மேளத்தோடு வரிசைத் தட்டுகள் வந்தன. பூ, பழம், புடவை என்று செல்வி ஒவ்வொன்றாக வாங்கிச் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தாள். கடைசித் தட்டைத் தனபாலே தூக்கி வந்தார். வெற்றிலை பாக்குக்கு நடுவில் அவருடைய பாஸ்போர்ட். ஆஸ்திரேலியாவில் முத்திரை குத்திய பக்கத்தை விரித்து, மூடாமல் இருக்க இரண்டு பக்கமும் எலுமிச்சம்பழம்.

"நல்லாப் பாத்துக்குங்க சம்பந்தி" என்றார், மேளத்துக்கும் மேலே.

பதற்றத்தில் இருந்த செல்வி கைப்பழக்கத்தில் அதற்கும் சந்தனம் தடவி, நடுவில் குங்குமம் வைத்துவிட்டாள். முத்திரை மேலேயே. மண்டபம் சிரித்த சிரிப்பில் மேளக்காரருக்கே தாளம் தப்பியது. முதலில் சிரித்தது தனபால்தான். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு உயிர் வந்தது.

அதற்கப்புறம் எங்கள் சொந்தத்தில் எந்த நிச்சயமானாலும், வரிசைத் தட்டு வந்ததும் யாராவது ஒருவர் என்னைப் பார்த்துக்கொண்டே, "பாஸ்போர்ட் எங்கப்பா?" என்று கேட்காமல் இருப்பதில்லை.

பேரன் பிறந்ததும் தனபால் மறுபடி அங்கே போனார். கிளம்பும்போது நம்ம ஊர் ஏர்போர்ட்டில் அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டி, மஞ்சளும் சிவப்புமாக இருந்த கறையைக் காட்டி இது என்ன என்று கேட்டாராம். இவர் கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னாராம்:

"அது என் சம்பந்தி வூட்டு முத்திரைங்க. ஒங்களுதவிட அங்க செக்கிங் ஜாஸ்தி."