டவுன் பஸ்ஸில் ஏறிய ரெட்டை ஊசல்

இன்னிக்கு எனக்கு வேலை ஒண்ணே ஒண்ணு. பாளையம்பட்டி வெல்டிங் பட்டறையில ஒரு சாமான வாங்கி, டவுன் பஸ்ஸு ஏறி, அருப்புக்கோட்டையில எங்க காலேஜுல கொண்டுபோய் வைக்கணும்.

சாமான் பேரு ரெட்டை ஊசல்.

ஒரு ஸ்டாண்டு. அதுல ஒரு இரும்புக் கம்பி தொங்கும். அது நுனியில இன்னொரு கம்பி தொங்கும். அம்புட்டுதான். ஆனா வேகமா ஆட்டிவிட்டா, கொஞ்ச நேரத்துல அது எந்தப் பக்கம் போகும்னு பெரிய பெரிய விஞ்ஞானிகளே கையை விரிச்சிருவாக.

நான் பி.எஸ்சி. பிசிக்ஸ் கடைசி வருஷம். கூடப் படிக்கிறவுக எல்லாம் சீனியரோட பழைய ப்ராஜெக்ட்ட வாங்கி அட்டைய மட்டும் மாத்திக்கிட்டாக. நானும் ஜெனிபரும் மட்டும் "நாம நெசமாவே ஆராய்ச்சி பண்ணுவோம்டி"ன்னு கெளம்புனோம்.

கொழுப்பு!

இன்னிக்கு ப்ராஜெக்ட் வைவா. வெளியூர்ல இருந்து எக்ஸாமினர் வாராக. ஜெனிபர் காலேஜுல காத்திருக்கா.

கம்பிய ஒரு சணல் கயித்துல கட்டிருக்கலாம். கட்டல. பஸ்ஸுல மடியில வச்சு அமுக்கிப் பிடிச்சா ஆடாதுன்னு ஒரு கணக்கு. பிசிக்ஸ் படிச்ச மூளையில்ல!

பஸ்ஸு ஸ்பீடு பிரேக்கர்ல ஏறி எறங்குச்சு. கீழ்க்கம்பி ஒரு சுத்துச் சுத்தி, முன் சீட்டு அக்கா கொண்டையில போய் மாட்டிக்கிச்சு.

"ஆத்தாடி! யாரு எம் பூவப் பிடிச்சு இழுக்குறது?"

"நான் இல்லக்கா, ஊசல்!"

"ஊசிப்போனதயா மடியில வச்சிட்டு வார? அதான் அப்பயே பிடிச்சு ஒரு வாடை!"

பக்கத்துல ரெண்டு பேரு மூக்கப் பொத்திக்கிட்டாக. இரும்புக்கு!

நான் கம்பிய அக்கா கொண்டையில இருந்து எடுத்துவிடவும் கண்டக்டர் அண்ணன் வந்தாரு. "பாப்பா, இது எந்தப் பக்கம் ஆடும்னு சொல்லு. நான் மத்தப் பக்கம் நின்னுக்கிறேன்."

"அது தெரியாதுண்ணே. அதத்தான் ஆராய்ச்சி பண்றோம்."

"என்ன பண்ணும்னே தெரியாத சாமானயா பஸ்ஸுல ஏத்துன?"

நியாயமான கேள்வி. அதுக்குள்ள பஸ்ஸு திரும்புச்சு. அவரு கேட்டுட்டு விசில வாயில வச்சுக்கிட்டு டிக்கெட் கிழிச்சிட்டிருந்தாரு. கம்பி நேரா அவரு வயித்துல ஒரு குத்து.

பீஈஈப்!

டிரைவர் பிரேக்க அமுக்குனாரு. மொத்த பஸ்ஸும் முன்னாடி சாஞ்சுச்சு.

"ஏலே, ஸ்டாப்பே இல்லாத எடத்துல எதுக்கு விசிலடிக்க?"

"நான் அடிக்கலண்ணே. ஆராய்ச்சி அடிச்சிருச்சு!"

பின்னாடி இருந்து ஒரு அண்ணாச்சி எந்திரிச்சு வந்தாரு. "குடும்மா, நான் பாத்துக்கிறேன்"னு ஊசல வாங்கித் தரையில படுக்கப் போட்டாரு. தன்னோட பருத்திக்கொட்டை மூட்டையத் தூக்கி அது மேல 'தொம்'முனு வச்சாரு.

"அண்ணாச்சீ!"

"இப்ப ஆடுதா?"

"ஆடல..."

"பெறகு என்ன?"

பஸ்ஸே அவரப் பாராட்டுச்சு.

காலேஜுல ஜெனிபர் ஓடி வந்தா. "என்னடி, கம்பி ஒத்தையா இருக்கு?"

"ரெண்டும் ஒண்ணாச் சேந்திருச்சுடி."

நடுவுல இருந்த மூட்டு நசுங்கி, ரெண்டு கம்பியும் ஒரே கோடா இறுகிப்போச்சு. இழுத்துப் பாத்தோம், தட்டிப் பாத்தோம். அசையல. அழுகை வந்துருச்சு. அதுக்குள்ள எக்ஸாமினரும் வந்துட்டாக.

ஜெனிபர் ப்ராஜெக்ட் நோட்ட விரிச்சு வாசிச்சா: "இதன் போக்கைக் கணிக்க இயலாது."

நான் ஆட்டிவிட்டேன். சுவத்துக் கடிகாரம் மாதிரி அழகா ஆடுச்சு.

எக்ஸாமினர் சொன்னாரு, "அடுத்து எடது பக்கம் வரும்." வந்துச்சு. "இப்ப வலது." போச்சு. "எனக்கே தெரியுதேம்மா?"

எங்க ஹெச்.ஓ.டி. சார்தான் பாஞ்சு வந்தாரு. "சார், பிள்ளைக தலைப்பத் தப்பா அடிச்சிட்டாக. இது தனி ஊசல்!"

"அப்படிச் சொல்லுங்க! காலையில இருந்து பாத்ததுல ஒழுங்கா ஓடுற ப்ராஜெக்ட் இது ஒண்ணுதான்"னு எக்ஸாமினர் சிரிச்சுக்கிட்டே மார்க்கப் போட்டாரு.

ஆக மக்களே, மூணு வருஷம் காலேஜுல படிச்சு, தனி ஊசல ஆட்டி, பதினொண்ணாங் கிளாஸ் ப்ராக்டிகல்ல பாஸாயிட்டேன்.