மீன் எண்ணெயும் என் முதுகும்

என் முதுகை இனி என் மனைவிக்குக் காட்டுவதில்லை என்று ஒரு திங்கட்கிழமை காலையில் முடிவெடுத்தேன்.

காரணம் இருக்கிறது. குளிக்கும்போது வலது தோள்பட்டைக்குக் கீழே ஒரு மேடு கையில் தட்டுப்பட்டது. கொண்டைக்கடலை அளவு. வலி இல்லை. அரிப்பு இல்லை. சும்மா இருந்தது. சும்மா இருப்பவர்களைக் கண்டால்தான் எனக்குப் பயம்.

டாக்டரிடம் போகலாமே என்பீர்கள். போகலாம்தான். போனால் டாக்டர் பார்ப்பார். பார்த்தால் ஏதாவது சொல்வார். அந்த ‘ஏதாவது’ எனக்கு வேண்டாம்.

மனைவியிடம் சொல்லலாமே என்பீர்கள். அது அதைவிட ஆபத்து. அவள் வேலை பார்ப்பது புற்றுநோய் ஆய்வகத்தில். புற்றுநோய் செல்களைத் தட்டில் வைத்து வளர்க்கிறாள். வேளாவேளைக்கு அவற்றுக்கு ஆகாரம் கொடுக்கிறாள். சூடு சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறாள். தட்டு நிறைந்துவிட்டால் பாதிப் பேரை வேறு தட்டில் குடிவைக்கிறாள். வீட்டில் எனக்கு இந்தக் கவனிப்பு கிடையாது. பிறகு ஒருநாள் அவற்றின்மேல் எதையாவது ஊற்றி, செத்தது யார், பிழைத்தது யார் என்று உட்கார்ந்து எண்ணுகிறாள். அப்படிப்பட்டவள் கண்ணில் என் கட்டி பட்டால், அடுத்த நிமிடம் நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் குப்புறக் கிடப்பேன்.

எனவே மறைத்தேன். சட்டை போட்டுக்கொண்டே தூங்கினேன். அவள் இருக்கும் அறையிலிருந்து வெளியே போகும்போது, ராஜாவிடம் விடைபெறும் சேவகனைப் போல முகத்தை அவள் பக்கம் வைத்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்தேன்.

“என்னங்க, ஏன் ரிவர்ஸ்லயே போறீங்க?”

“நான் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். ரிவர்ஸ் பழக்கம் விட்டுப்போகக் கூடாது.”

“அப்ப கண்ணாடியைப் பார்த்துப் போங்க. பீரோ பாவம்.”

அந்த வாரம்தான் அவள் சாப்பாட்டு மேசையைத் துடைத்து, அதன்மேல் ஒரு தட்டு, ஒரு தீப்பெட்டி, ஒரு கைப்பிடி கொண்டை ஊசி எல்லாம் கொண்டுவந்து வைத்தாள்.

“அடுத்த வாரம் ஆய்வகத்துல ஒரு பேச்சு பேசணும். உங்ககிட்ட பேசிப் பார்க்கறேன். உங்களுக்குப் புரிஞ்சா உலகத்துக்கே புரியும்.”

“தலைப்பு?”

“பல்நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள்.”

“நிறைவே அடையாததுக்கு அமிலம்னு பேரா?”

“சில வீட்ல புருஷன்னும் சொல்வாங்க. பேசாம கேளுங்க.”

கேட்டேன். நன்றாகத்தான் சொன்னாள். நம் உடம்பில் இருக்கும் ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு சுவர் உண்டு. அந்தச் சுவர் பெரும்பாலும் கொழுப்பால் ஆனது. தட்டின் விளிம்பைச் சுற்றித் தீக்குச்சிகளை அடுக்கினாள்.

“இது வெண்ணெய்ல இருக்கற மாதிரி கொழுப்பு. நேரா இருக்கும். நெருக்கமா அடுக்கலாம்.” பிறகு சில குச்சிகளை எடுத்துவிட்டுக் கொண்டை ஊசிகளை வைத்தாள். “இது மீன் எண்ணெய்க் கொழுப்பு. பல இடத்துல வளைஞ்சிருக்கும். அந்த வளைவுலதான் துரு பிடிக்கும்.”

“கொழுப்புக்குத் துருவா?”

“ஆக்சிஜன் போய் ஒட்டும். இரும்புக்கு நடக்கற மாதிரின்னு வெச்சுக்கோங்க. புற்றுநோய் செல்லுக்கு அவசரம். வளர்ற வேகத்துல கிடைச்சதையெல்லாம் எடுத்துச் சுவர்ல செருகிக்கும். சில வகைச் செல்லு இந்த வளைஞ்ச கொழுப்பை அளவுக்கு மேல செருகிக்கிட்டா, துரு பரவி, சுவர் ஓட்டையாகி, தானாவே செத்துப்போகும்.”

அவள் குளியலறையிலிருந்து கொண்டுவந்த ஒரு துருப்பிடித்த ஊசியை விரலால் தட்டினாள். அது உடைந்து தட்டுக்குள் விழுந்தது. என் நெஞ்சுக்குள் ஒரு விளக்கு எரிந்தது.

மீன் எண்ணெய். கத்தி வேண்டாம், டாக்டர் வேண்டாம், குப்புறப் படுக்க வேண்டாம்.

“ஆனா இதுல முக்கியமா ஒண்ணு...” என்று அவள் ஆரம்பித்தாள். நான் கைதட்டி, பிரமாதம் என்று சொல்லி, ரிவர்ஸில் வெளியேறிவிட்டேன்.

எதிர்வீட்டில் மருந்துக் கடை வைத்திருப்பவனைத் தெருவே மாத்திரை என்றுதான் கூப்பிடும். என்னைவிடச் சின்னவன்.

“தம்பி, மீன் எண்ணெய் மாத்திரை இருக்கா?”

“இருக்கு அண்ணே. யாருக்கு?”

“எனக்குத்தான். பொது ஆரோக்கியம். அண்ணிகிட்ட சொல்லாதே.”

“நான் ஏன் அண்ணே சொல்லப் போறேன்?” என்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு நாணயம்.

பாட்டிலைக் காரில், டாஷ்போர்டுக்குள் ஒளித்துவைத்தேன். டிரைவிங் ஸ்கூல் காரில் வாத்தியார் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். மாணவர்களால் அதை மிதிக்க முடியாது, நான்தான் மிதிப்பேன். வீட்டில் அந்த பிரேக் என் மனைவியிடம் இருக்கிறது. அதனால் என் ரகசியங்களுக்குக் காரைவிடப் பாதுகாப்பான இடம் கிடையாது.

காலையில் இரண்டு, மாலையில் இரண்டு விழுங்கினேன். பத்து நிமிடத்தில் ஓர் ஏப்பம் வரும். ஏப்பம் என்றால் சாதாரண ஏப்பம் இல்லை. ஒரு துறைமுகமே தொண்டை வழியாகக் கரையேறும்.

“சார், கார்ல மீன் ஏதாவது இருக்கா?” என்று ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த மாணவி கேட்டாள்.

“ரோட்டைப் பாரும்மா.”

“பார்த்துக்கிட்டுத்தான் சார் இருக்கேன். ரோட்ல நாலு பூனை நம்ம பின்னாடியே வருது.”

இந்த அவமானங்களைப் பொறுத்துக்கொண்டேன். ஏனென்றால் பலன் தெரிந்தது. தினமும் கையை முதுகுக்குப் பின்னால் வளைத்து, இரண்டு விரலால் கட்டியை அளந்து பார்ப்பேன். கொண்டைக்கடலை, பட்டாணியாகிவிட்டது என்று ஒரு நாள் தோன்றியது. மறுநாள் மறுபடி கொண்டைக்கடலை போலத் தோன்றியது. விரல் அன்று சரியாக மடங்கவில்லை என்று சமாதானம் செய்துகொண்டேன். சுவர் துருப்பிடிக்கிறது, பொறுமை வேண்டும்.

இரண்டாவது வாரம் ஒரு மாலை, மேசையில் மறுபடியும் தட்டும் கொண்டை ஊசிகளும் வந்தன. இந்த முறை கூடவே ஒரு நகப்பூச்சு பாட்டில்.

“பேச்சு ஒரு வாரம் தள்ளிப்போயிடுச்சு. பின்பாதியை இன்னும் பேசிப் பார்க்கவே இல்ல. அன்னைக்கு ஓடிட்டீங்க. இன்னைக்கு உட்காருங்க.”

உட்கார்ந்தேன். வெற்றிபெற்றவனுக்கு உட்காருவதில் என்ன கஷ்டம்?

அவள் கொண்டை ஊசிகளைத் தட்டைச் சுற்றி அடுக்கினாள். பிறகு ஒவ்வொன்றின் வளைவிலும் பொறுமையாக நகப்பூச்சைத் தடவினாள்.

“இப்ப துரு பிடிக்குமா?”

“பூச்சு பூசியாச்சே. எப்படிப் பிடிக்கும்?”

“பிடிக்காது. நாங்க இதைச் செஞ்சு பார்ப்போம். ஒரு தட்டுல மீன் எண்ணெய்க் கொழுப்பு மட்டும். செல்லு செத்துடும். பக்கத்துத் தட்டுல அதே கொழுப்பு, கூடவே இந்தப் பூச்சு. அங்க செல்லு சௌக்கியமா இருக்கும். சாப்பாட்டையும் சாப்பிட்டுட்டு, சுவருக்குப் பெயின்ட்டும் அடிச்சுக்கிட்டு.”

“அந்தப் பூச்சுக்குப் பேர் என்ன?”

“வைட்டமின் ஈ.”

எங்கேயோ படித்த பேராக இருந்தது. எங்கே என்று யோசித்தேன். தினமும் காலையும் மாலையும் பார்க்கிற இடத்தில். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

“கார் கதவைப் பூட்டினேனான்னு பார்த்துட்டு வந்துடறேன்.”

“போயிட்டு வாங்க. நேராவே போங்க, நான் திரும்பிக்கறேன்.”

அவள் சொன்னதில் என்ன அர்த்தம் என்று நிதானிக்க எனக்கு நேரமில்லை. ஓடிப்போய் டாஷ்போர்டைத் திறந்தேன். பாட்டிலின் பின்பக்கம் பொடி எழுத்தில் மீன் எண்ணெய், ஜெலட்டின், கிளிசரின் என்று போட்டிருந்தது. அதன் கீழே, வைட்டமின் ஈ.

தெருவைத் தாண்டி மாத்திரையிடம் ஓடினேன்.

“தம்பி, இதுல எதுக்கு வைட்டமின் ஈ போட்டிருக்கான்?”

“எண்ணெய் சிக்கு அடிக்காம இருக்க அண்ணே. போடலைன்னா பாட்டில்லயே கெட்டுப்போயிடும்.”

ஆக, இரண்டு வாரமாக என் கட்டிக்கு நான் நாள் தவறாமல் விருந்தும் வைத்து, வீட்டுக்கு வெள்ளையும் அடித்துக்கொடுத்திருக்கிறேன். காரில் உட்கார்ந்து கையை வளைத்துத் தொட்டுப்பார்த்தேன். நெல்லிக்காய் போல இருந்தது. எலுமிச்சம்பழமாக எவ்வளவு நேரம் ஆகும்? அன்று முதல்முறையாக, டாக்டர் சொல்லப்போகும் ‘ஏதாவது’ என்பதைவிட, அதைக் கேட்காமலே இருப்பது எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

மறுநாள் காலை, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கூடத்துக்கு வந்தேன்.

“தோள்ல ஒரு பிடிப்பு. சும்மா டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடறேன்.”

அவள் ஏற்கெனவே செருப்பு போட்டிருந்தாள். கையில் ஸ்கூட்டர் சாவி இருந்தது.

“நீ எங்கே கிளம்பிட்டே?”

“டாக்டர்கிட்ட. ஏறுங்க.”

ஆஸ்பத்திரிக் கூடத்தில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். என் மனைவி கைப்பையில் கிடந்த பழைய பஸ் டிக்கெட்டை எடுத்துத் துண்டு துண்டாகக் கிழித்து, அந்தத் துண்டுகளையும் கிழித்துக்கொண்டிருந்தாள். தினமும் அந்தச் செல்களை லென்ஸ் வழியாகப் பார்ப்பவள். அவை எவ்வளவு வேகமாகப் பெருகும் என்று எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு டிக்கெட் கொஞ்சம் மிஞ்சியது.

“முதுகுல கட்டி, வாங்க” என்று நர்ஸ் கூப்பிட்டாள்.

யார் அந்தப் பாவம் என்று சுற்றிலும் பார்த்தேன்.

“நீங்கதான், எழுந்திரிங்க” என்றாள் மனைவி.

டாக்டர் அம்மாள் அழுத்திப் பார்த்தார். அப்படியும் இப்படியும் நகர்த்திப் பார்த்தார். ஜெல் தடவி ஸ்கேன் கருவியை வைத்துத் திரையில் பார்த்தார். நான் குப்புறக் கிடந்தபடி தரையின் ஓடுகளைப் பார்த்தேன்.

“பயப்பட ஒண்ணுமில்ல. இவருக்கு இருக்கறது வெறும் கொழுப்பு.”

“அது கல்யாணமான நாள்லேர்ந்து தெரியும் டாக்டர்” என்றாள் என் மனைவி. “கட்டியைப் பத்திச் சொல்லுங்க.”

“கட்டியும் அதேதான். கொழுப்புக் கட்டி. புற்றுநோய் இல்ல. தொந்தரவு பண்ணாத வரைக்கும் எடுக்கக்கூட வேண்டாம். பெருசானா வந்து காட்டுங்க.”

“மீன் எண்ணெய் சாப்பிட்டா கரையுமா டாக்டர்?” என்று கேட்டேன். கேட்டு வைப்பது நல்லதுதானே.

“கரையாது. எந்தக் கட்டியையும் மாத்திரை போட்டு நீங்களே கரைக்கப் பார்க்காதீங்க. வந்து காட்டுங்க.”

“அன்னைக்கு நான் சொல்ல வந்த முக்கியமான விஷயமும் அதுதான்” என்றாள் மனைவி, யாரையும் பார்க்காமல். “தட்டுல நடக்கறது வேற, உடம்புல நடக்கறது வேற. கேட்க ஆள் இல்ல.”

திரும்பும்போது ஸ்கூட்டரின் பின்சீட்டில் நான் காற்றில் மிதந்தேன். உயிர் பிழைத்தவனுக்குத் துப்பறியும் ஆசை வருவது இயற்கை.

“ஆமா, என் கட்டி உனக்கு எப்படித் தெரியும்?”

“முதுகு உங்களுதுதாங்க. ஆனா அதைப் பார்க்க முடிஞ்சவ நான் ஒருத்திதானே. உங்க கைக்குத் தட்டுப்படறதுக்கு முந்தியே பார்த்துட்டேன்.”

“அப்பவே கேட்டிருக்கலாமே?”

“கேட்டா மாட்டேம்பீங்க. டாக்டர் நாள் குடுத்ததே இன்னைக்குத்தான். இன்னைக்குக் காலையில நீங்களா கிளம்பணும். அதுக்குத் தகுந்த மாதிரி ஏற்பாடு பண்ண வேண்டியிருந்துச்சு.”

எனக்கு அவள்மேல் பெரிய மரியாதை வந்தது. அதை எப்படியாவது காட்ட வேண்டும் என்று தோன்றியது.

“உன் பேச்சு என்னைக்குன்னு சொல்லு. லீவு போட்டுட்டு வந்து முதல் வரிசையில உட்கார்றேன்.”

“எந்தப் பேச்சு?”

“ஆய்வகத்துல பேசப்போறியே, கொண்டை ஊசி, வைட்டமின் ஈ.”

“அதுவா? சொன்னதெல்லாம் நிஜம். மேடைதான் பொய்.”

சிக்னலில் வண்டி நின்றது.

“அப்ப முதல் பேச்சைக் கேட்டுட்டு நான் மீன் எண்ணெய் வாங்கப் போகாம, நேரா டாக்டர்கிட்ட போயிருந்தா?”

“மாத்திரைகூட அதைத்தான் கேட்டான், ஒரு பேச்சு போதாதா அண்ணின்னு. உங்க அண்ணனை எனக்குத் தெரியும்ப்பான்னு சொல்லி, முதல்லயே ரெண்டா எழுதி வெச்சுட்டேன்.”