மூன்று பிளேடும் ஒரு மாமியாரும்

என்ன ஆனாலும் சரி, இந்த ஞாயிற்றுக்கிழமை தோங்ஷிக்கு, மாமியார் வீட்டுக்குப் போவதில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். அத்தைக்குப் பிறந்தநாள். பன்றிக்கால் நூடுல்ஸ் அருமையாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு கிண்ணத்தோடும் சகலையின் பெருமைப் பேச்சையும் சேர்த்து விழுங்க வேண்டும்.

காரணம் தயாராக இருந்தது. ஃபெங்யுவானில் இழுத்து மூடிய ஒரு நாற்காலிப் பட்டறையிலிருந்து பலகை இழைக்கும் பழைய மெஷின் ஒன்று வாங்கி வந்திருந்தேன். காலையிலேயே பிளக்கைப் பிடுங்கி, மூடியைக் கழற்றி, முகத்தில் கொஞ்சம் கிரீஸும் பூசிக்கொண்டு உட்கார்ந்தேன்.

"ஏங்க, இன்னும் கிளம்பலையா?" என்றாள் மனைவி மெய்யுன்.

"எப்படிம்மா கிளம்புறது? உருளையில மூணு பிளேடு இருக்கு. மூணும் ஒரே உயரத்துல நிக்கணும். மயிரிழை பிசகினாலும் பலகை அலை அலையா வரும்."

"உயரத்தை எப்படிப் பார்ப்பீங்க?"

கேட்டால் காட்டாமல் இருக்க முடியுமா? மெஷினில் பலகை வெளியே வரும் பக்கத்து மேஜையில் ஒரு நேர்குச்சியை வைத்து, உருளையைக் கையால் மெல்லத் திருப்பினேன். பிளேடு குச்சியைத் தொட்டு ஒரு நூல் அளவு முன்னால் இழுத்தது.

"மூணும் இதே அளவு இழுக்கணும்."

"எவ்வளவு நேரமாகும்?"

"மூணு நாள். பிளேடுக்கு ஒரு நாள்."

"அடப் பாவமே!" என்று உள்ளே போனாள். அவள் தலை மறைந்ததும், இறுக்கியிருந்த போல்ட்டையும் தளர்த்தினேன். வேலை தீர்ந்துவிடக் கூடாதல்லவா?

ஹாலில் டெலிபோனை எடுக்கும் சத்தம். ஜன்னல் வழியே அவள் குரல்.

"அம்மா, அவரால நகர முடியலை. மூணு நாள் வேலையாம். நீ இங்க வந்துடேன்... துணிமணியோடவே வா... அக்காவும் அத்தானுமா? தாராளமா! அவருக்கு அத்தான்னா உயிராச்சே... என்னது, வண்டியிலயே ஏறிட்டீங்களா?"

குச்சியைப் பாய்ந்து எடுத்தேன். முதல் பிளேடு, ஒரு நூல். இறுக்கு! இரண்டாவது கொஞ்சம் தூக்கல். ஒரு தட்டு, அடங்கியது. மூன்றாவது என் முகத்தைப் பார்த்துப் பயந்து தானே சரியாக நின்றது. பிளக்கைச் செருகி ஒரு பலகையை விட்டேன். வழவழவென்று வந்தது.

"மெய்யுன்! முடிஞ்சுது! அவங்களை வர வேண்டாம்னு சொல்லு, நாமளே போறோம்!"

"மூணு நாள்னீங்க?"

"மெஷினும் நானும் சட்டுனு இழைஞ்சுட்டோம்."

அவள் பட்டுச் சட்டையில், பழக்கூடையோடு வெளியே வந்தாள். எப்போது உடுத்தினாளோ! கைகழுவி, சட்டை மாற்றி, ஸ்கூட்டரைக் கிளப்பினேன். தோங்ஷிப் பாலத்தில்தான் எனக்கு உறைத்தது.

"ஏம்மா, பாதி வழியில திரும்பச் சொன்னதுக்கு அத்தை கோவிச்சுக்க மாட்டாங்களா?"

"அம்மா எங்க கிளம்பினாங்க? காலையிலருந்து அடுப்படியிலதான் இருக்காங்க."

"அப்போ போன்ல பேசினது?"

"வீட்டு போன்லயா? அந்த லைன் வேண்டாம்னு போன மாசம் எழுதிக் கொடுத்ததே நீங்கதானேங்க!"