விழுந்தது, வெடித்தது, நான் இருமினேன்

நான் சிரிக்கலை மாப்பிள்ளை. அதை முதல்ல தீர்த்துக்குவோம். "விசாரணைக்கு வந்த மேடம் முன்னாடி உங்கப்பா என்னைப் பார்த்துச் சிரிச்சுட்டாரு, இனிமே அந்த வீட்டு வாசப்படியை மிதிக்கமாட்டேன்"னு என் மககிட்டச் சொன்னீங்களாமே? அவ போன்ல அழுதுகிட்டே சொன்னா. நான் இருமினேன். வாயில பல் செட்டு இல்லாதவன் இருமினா அது சிரிப்பு மாதிரிதான் கேக்கும். செட்டு ஏன் இல்லைங்கறது உங்களுக்குத் தெரியாதது இல்லை.

சரி, மரியாதையாக ஆரம்பிக்கிறேன்.

அன்பும் வீரமும் குறைவின்றி நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு என் மேல்வரிசைப் பற்கள் நீங்கலாக அனைவரும் சுகம். அங்கு தங்கள் துப்பாக்கி நீங்கலாக அனைவரும் சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். இக்கடிதத்தைத் தங்கள் அத்தையின் எதிரில் அமர்ந்து, எழுதும் ஒவ்வொரு வரியையும் உரக்கப் படித்துக் காட்டியே எழுதுகிறேன். "போன தடவை சம்பந்திக்கு நீங்க எழுதின லட்சணம் போதும், நான் கேக்காம ஒரு வரி தபால்பெட்டிக்குப் போகக் கூடாது" என்று சொல்லிவிட்டாள். அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். கையில் கத்தி இருப்பதால் நானும் ஒப்புக்கொண்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பும்படி மேடம் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இன்றைக்குக் காலையில்கூடப் போன் செய்து ஞாபகப்படுத்தினார்கள். பார்த்த சாட்சி நான் ஒருத்தன்தான். நான் என்ன எழுத வேண்டும் என்று நீங்கள் மகளிடம் சொல்லி அனுப்பியதும் வந்து சேர்ந்தது. "துப்பாக்கி சோபாவின் கைப்பிடியிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது, விழுந்த வேகத்தில் தானாக வெடித்தது, யார் கையும் படவில்லை." நல்ல வாக்கியம். எங்கும் தட்டாமல் வாசிக்க வருகிறது. இதை நான் எழுதிக் கொடுத்தால் உங்களுக்கு மறுபடியும் ஸ்டேஷன், மறுபடியும் ஜீப்பு. எழுதாவிட்டால் பெல்ட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான், அப்புறம் வேலையே இருக்குமோ இருக்காதோ. புரியுது. புரியாமலா உங்க அத்தை ராத்திரியெல்லாம் புரண்டு புரண்டு படுக்கறா.

ஆனா இந்த 'தானாக' இருக்கு பாருங்க, அதுலதான் மாப்பிள்ளை எனக்குத் தொண்டையில சிக்குது. நான் பஸ்ஸுல டிக்கெட் கிழிச்சவன். டிக்கெட் தானா பறந்துருச்சு, பர்ஸு தானா வீட்ல தங்கிருச்சு, பையனுக்கு வயசு தானா குறைஞ்சிருச்சு, எல்லாம் கேட்டவன். ஆனா உங்க துறை அளவுக்கு எங்க பஸ்ஸுல தானா நடந்ததில்லை. உங்ககிட்டப் பிடிபட்டவன் தானா குளியலறையில வழுக்கி விழறான், சரியா ஒரு கையும் ஒரு காலும் தானா உடையுது, ஸ்டேஷன் கேமரா அன்னிக்குன்னு பார்த்துத் தானா அணையுது. இப்பத் துப்பாக்கியும் அந்த வரிசையில சேர்ந்துருச்சு. கூடிய சீக்கிரம் சம்பளத்தை மட்டும் தானா வர விட்டுட்டு நீங்கள்லாம் வீட்லயே இருக்கலாம் போலிருக்கே!

(உங்க அத்தை கத்தியை என் பக்கம் காட்டறா. சம்பவத்துக்கு வர்றேன்.)

இந்தச் சமயத்துல ஒரு சின்னத் தடங்கல். பேனா மூடி உருண்டுதுன்னு குனிஞ்சேன், சட்டைப் பையிலேர்ந்து செல்போன் நழுவிருச்சு. தரைக்கு ஒரு சாண் இருக்கறப்பவே லபக்குனு பிடிச்சுட்டேன்ல! பிடிச்ச கையோட பையில போட்டாச்சு. உங்க அத்தை பார்த்தா, பாராட்டலை. இந்த வயசுல எனக்கே அந்தக் கை போகுதுன்னா, உங்களைச் சொல்லிக் குத்தமில்லை.

ஏன்னா உங்க பெருமையே அதுதானே மாப்பிள்ளை? கல்யாணத்தன்னிக்குப் போட்டோக்காரர் கேமரா கை நழுவினப்ப, மாலையோட பாய்ஞ்சு பிடிச்சீங்க. அன்னியிலேர்ந்து ஒவ்வொரு தடவை வர்றப்பவும் அதே பாட்டு, "மாமா, என் கண்ணு முன்னாடி எதுவும் தரையைத் தொட்டதில்லை." கொதிக்கிற பால் பாத்திரத்தை வெறுங்கையால பிடிச்சு, அந்தக் கையோட மருந்துக் கடையில நின்னீங்க. பக்கத்து வீட்டுப் பூனை ஜன்னல்லேர்ந்து விழுதுன்னு பிடிச்சு மூஞ்சி பூரா பிறாண்டு வாங்கினீங்க. பூனை விழலை மாப்பிள்ளை, குதிச்சது. அது பாட்டுக்கு இறங்கிப் போக வந்த பூனை. அதை நான் அன்னிக்கே சொன்னேன், நீங்கதான் "அனிச்சைச் செயல் மாமா, பயிற்சி அப்படி"ன்னீங்க.

அப்பேர்ப்பட்ட ஆளு அன்னிக்கு வந்து சோபாவுல உட்கார்ந்தீங்க. "இடுப்புல அதென்ன, தண்ணித் துப்பாக்கியா"ன்னு நான் கேட்டது வாஸ்தவம். அதுக்காகக் குண்டு ஏத்தின துப்பாக்கியை உறையிலேர்ந்து உருவி சோபாக் கைப்பிடி மேல வெச்சுட்டு, அதோட அருமை பெருமையெல்லாம் சொல்லணும்னு நான் கேட்டேனா? சொல்லிக்கிட்டிருக்கறப்பவே உங்களுக்குப் போன் வந்துச்சு, திரும்பினீங்க, முழங்கை இடிச்சுது, அது சறுக்குச்சு. நான் எதிர்ல நாற்காலியில உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருக்கேன். அது விழ ஆரம்பிச்சது நிஜம். விழுந்து முடிக்கலைங்கறதும் நிஜம். நடுவுல உங்க கை வந்துருச்சு. கேமராவைப் பிடிச்ச அதே கை, அதே பாய்ச்சல். பிடிச்சீங்க. விரல் எங்கே போய் மாட்டணுமோ அங்கே போய் மாட்டுச்சு. டமார்!

குண்டு கூடத்து மூலையில இருக்கற வாஷ்பேசினுக்குப் போச்சு. அங்கே கண்ணாடி டம்ளர்ல தண்ணி ஊத்தி என் பல் செட்டைப் போட்டு வெச்சிருந்தேன். எத்தனையோ பேர் சண்டையில பல்லுல அடி வாங்கியிருப்பாங்க, ஆள் ஒரு பக்கமும் பல்லு ஒரு பக்கமும் இருக்கறப்பக் குண்டடி பட்டவன் நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். உங்க அத்தை சமையல்கட்டுலேர்ந்து ஓடி வந்து, உங்களைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, பேசினைப் பார்த்தா, "பிடிச்சது போதும், கீழே வைங்க மாப்பிள்ளை"ன்னா. அப்புறம்தான் நீங்க கீழே வெச்சீங்க. துப்பாக்கி தரையைத் தொட்டது அப்பதான்.

அப்புறம் மேடம் வந்தாங்க. மரியாதையான பொம்பளை, செருப்பை வாசல்லயே விட்டுட்டு வந்தாங்க. "பெரியவரே, பயப்படாதீங்க, குண்டு எதுவும் இல்லை"ன்னு காலித் துப்பாக்கியைக் காட்டிட்டு, அதோட முதுகைப் பின்னால இழுத்து விட்டுத் தயார் பண்ணி, தொப்புனு கீழே போட்டாங்க. மூக்கு கீழே இருக்கற மாதிரி, பிடி கீழே இருக்கற மாதிரி, பக்கவாட்டுலன்னு விதவிதமாப் போட்டாங்க. தரையில டைல்ஸ் விரிஞ்சுது, கீழ் வீட்டுக்காரர் ஏறி வந்து "என்ன சார், வீடு மாத்தறீங்களா"ன்னு கேட்டுட்டுப் போனாரு, துப்பாக்கி மட்டும் ஊமை மாதிரி கிடந்துச்சு. நான் கேட்டேன், "ஏம்மா, கீழே விழுந்தா இது வெடிக்காதா?" அவங்க சொன்னாங்க, "பழைய துப்பாக்கி சிலது வெடிக்கும். இப்ப வர்றதுல உள்ள ஒரு தடுப்பு இருக்கு, விசையை அமுக்கினாத்தான் அது விலகும். அந்தத் தடுப்பு தேஞ்சிருந்தாலோ ஒடைஞ்சிருந்தாலோ வெடிக்கலாம். சரியா இருந்தா விழுந்து வெடிக்கிறது ரொம்ப ரொம்ப அபூர்வம். ஆனா பாதி விழறப்ப யாராவது பாய்ஞ்சு பிடிச்சா வெடிக்கும்." அப்போ உங்க மூஞ்சியைப் பார்த்தேன். நீங்க தரை விரிசலைப் பார்த்துக்கிட்டிருந்தீங்க.

கடைசியா மேடம், "அன்னிக்கு எப்படி நழுவுச்சோ அப்படியே நழுவ விடுங்க"ன்னு துப்பாக்கியை உங்ககிட்டக் கொடுத்துட்டு, குண்டு போன வழியைப் பார்க்க வாஷ்பேசினுக்கு அடியில குனிஞ்சாங்க. நீங்க சோபாக் கைப்பிடி மேல வெச்சீங்க. முழங்கையால இடிச்சீங்க. சறுக்குச்சு. மாப்பிள்ளை, ஒரே ஒரு தடவை, உங்க வேலைக்காக, உங்க பெண்டாட்டிக்காக, அதை விழ விட்டிருக்கலாமே! விடலையே! மறுபடியும் கை போச்சு, மறுபடியும் பிடிச்சீங்க, மறுபடியும் விரல் மாட்டுச்சு. "டிக்." பிடிச்சதும் நீங்க முழிச்ச முழி இருக்கே, அதை நான் சாகறவரைக்கும் மறக்கமாட்டேன். அப்புறம் கைக்குழந்தையைத் தொட்டில்ல போடற மாதிரி துப்பாக்கியைக் கீழே படுக்க வெச்சுட்டு, "விழுந்துச்சு மேடம், டிக்னுச்சு"ன்னீங்க. மேடம் தலையை நிமித்தி, "விழுந்த சத்தமே கேக்கலையே"ன்னாங்க. "கால்மிதி மேல விழுந்துச்சு மேடம்"னீங்க. கால்மிதி வாசல்ல கிடக்கு, மேடத்தோட செருப்புக்குப் பக்கத்துல. அப்பதான் மேடம் என் பக்கம் திரும்பி, "பெரியவரே, நீங்க பார்த்தீங்களா"ன்னு கேட்டாங்க. அப்பதான் நான் இருமினேன்.

"இப்பப் பேச முடியலைன்னா எழுதி அனுப்புங்க"ன்னுட்டுக் கிளம்பினாங்க. படியில இறங்கறப்ப இன்னொண்ணு சொன்னாங்க, அது உங்க காதுல விழுந்துச்சோ என்னவோ. துப்பாக்கி தானா வெடிச்சதுன்னு முடிவானா, அடுத்த கேள்வி ஆயுத ரூம்ல அதைத் துடைச்சு எண்ணெய் போட்டுக் கொடுக்கற மனுஷனுக்காம். ஓட்டைத் துப்பாக்கியை ஏன் கொடுத்தேன்னு அவரை நிக்க வெச்சுக் கேப்பாங்களாம். அவரை நீங்கதான் போன வருஷம் வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வந்தீங்க. நாற்காலி நுனியில உட்கார்ந்து காபி குடிச்சுட்டு, டம்ளரைத் தானே கழுவி வெச்சுட்டுப் போனாரே, அவர்தானே? அவருக்கும் ஒரு மாமனார் இருப்பார் மாப்பிள்ளை. அவரும் எங்கேயாவது உட்கார்ந்து கடுதாசி எழுதிக்கிட்டிருப்பார். அவருக்குப் பல்லு இருக்கும், அதனால என்னைவிடக் கோவமா எழுதுவார்.

இதை வாசிச்சதும் உங்க அத்தை நறுக்கறதை நிறுத்திட்டா. "அந்த ஆளு பாவம்தான். ஆனா நம்ம பொண்ணு அழறாளே"ங்கறா. ரெண்டுக்கும் நடுவுல அந்த பீன்ஸ் மாதிரி கிடக்கேன் நான். சரி, எழுதித் தர்றேன். உங்களுக்காக இல்லை, என் மக அழுததுக்காக. நீங்க சொன்ன வாக்கியத்தை நீங்க சொன்னபடியே எழுதறேன், யார் கையும் படலைன்னே எழுதறேன், பொய்க் கையெழுத்தும் போடறேன். ஆனா எனக்குச் சில நிபந்தனை இருக்கு. ஒண்ணு, இனிமே எங்க வீட்ல எது விழுந்தாலும், நானே விழுந்தாலும், நீங்க கையைக் கட்டிக்கிட்டுத்தான் நிக்கணும். ரெண்டாவது, அந்தக் கேமரா கதையை இனி யார்கிட்டயும் எடுக்கக் கூடாது. மூணாவது, அந்த ஆயுத ரூம்காரர் வீட்டுக்கு நீங்களே போயி

உங்க அத்தை எழுந்து போயிட்டா. பீன்ஸையும் கத்தியையும் அப்படியே போட்டுட்டுப் போறா. "இன்னும் முடிக்கலையே, மூணாவதைக் கேட்டுட்டுப் போயேன்"னேன். திரும்பிக்கூடப் பார்க்கலை. "உங்க சட்டைப் பை ரொம்ப நேரமாப் பேசுது. முதல்ல அதுக்குப் பதில் சொல்லுங்க"ன்னுட்டு உள்ளே போயிட்டா.

அவசரமாக முடிக்கிறேன். தாங்களும் என் மகளும் மன ஒற்றுமையோடு பல்லாண்டு வாழவும், விழுவதெல்லாம் இனித் தங்கள் கைக்கு எட்டாத தூரத்திலேயே விழவும் வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நன்மையை மட்டுமே நாடும் மாமனார்

பின்குறிப்பு: மேலே உள்ளது எதையும் மனசுல வெச்சுக்க வேண்டாம். நான் எழுதித் தர வேண்டிய அவசியமே இல்லைன்னு மேடம் சொல்லிட்டாங்க. சட்டைப் பைக்குள்ள இருந்தது அவங்கதான். காலையில பேசின நம்பராச்சே, செல்போன் அதுக்கே போட்டிருக்கு. பேனா மூடிக்குக் குனிஞ்சப்பலேர்ந்து எல்லாத்தையும் கேட்டுட்டாங்க, பக்கத்துல ஒருத்தரை உட்கார வெச்சு எழுதிக்கவும் சொல்லியிருக்காங்க. நான் எடுத்து "ஹலோ"ன்னதும், "பெரியவரே, அந்த டிக் சத்தம் வந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை நிதானமா வாசிங்க, எழுதறவருக்குக் கை வலிக்குது"ன்னாங்க. வாசிச்சேன். பெரிய அதிகாரி கேட்டா மாட்டேன்னு சொல்ல முடியுமா? நாளைக்குள்ள நீங்களே தானா வந்து உண்மையைச் சொல்லிட்டா சின்னத் தண்டனையோட போயிருமாம், வேலை போகாதாம், ஆயுத ரூம்காரரையும் யாரும் கூப்பிட மாட்டாங்களாம். இதைப் போன்லயே மககிட்டச் சொல்லிட்டேன், அவ அழுகையை நிறுத்திட்டா. 'தானா'ங்கறது உங்களுக்குப் பிடிச்ச வார்த்தைதானே, போயிட்டு வாங்க.

என் மேல வருத்தம் வேண்டாம். செல்போன் தானா விழுந்துச்சு, தானா நம்பர் போட்டுச்சு. பிடிச்சேனே தவிர நான் எதையும் அமுக்கலை. உள்ள ஏதோ தடுப்பு தேஞ்சிருக்கணும். இப்ப வர்ற செல்போன் எதுவும் விழுந்தாத் தானாக் கூப்பிடாதுன்னு கடைக்காரன் சொல்றான், அவனுக்கு என்ன தெரியும்? உங்க அத்தையும் நம்பலை. நீங்களாவது நம்பணும் மாப்பிள்ளை. உங்க துப்பாக்கியை நான் நம்பலையா?

நான் சிரிக்கலை. இது இருமல்.