செக்கிங் தட்டிப் பார்த்த பாடங்கள்

விருத்தாசலத்தில் தட்டிப் பார்க்காமல் எதையும் நம்பாத ஒரே மனிதன் செக்கிங்தான். கடவுளே நேரில் வந்தாலும் பேனா மூடியால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் கும்பிடுவான்.

வகுப்பில் இரண்டு பேரிடம் மட்டும் செல்போன் இருந்த காலம். என்னோடு பி.ஏ. தமிழ் படித்துக்கொண்டே, சாயங்காலம் ஒரு பீங்கான் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தான்; அதுவே பட்டப்பெயராகிவிட்டது. சூளையிலிருந்து வரும் கப்பைத் தட்டிக் காதில் வைப்பான். கணீரென்றால் பாஸ். மொத்தென்றால் உள்ளே விரிசல், ஓரமாகப் போய்விடும். பழக்கம் டீக்கடை வரைக்கும் வந்தது.

"அண்ணே, இந்த கிளாசு விரிசல்."

"தட்டாத குடிடா! நீ தட்டித்தான் விரிசலே வருது."

பாடமாக வைத்த ஒவ்வொரு நூலுக்கும் ஒரு பக்கம் சொந்தக் கருத்து எழுத வேண்டும் என்பது எங்கள் பேராசிரியர் அம்மாவின் சட்டம். நோட்டில் அவர் கையெழுத்து இல்லையென்றால் இன்டர்னல் மார்க் இல்லை.

எங்கள் வீட்டில் முதலில் காலேஜ் படியேறியவன் நான். அச்சில் வந்ததைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது. கைடைப் பார்த்து அப்படியே எழுதினேன். செக்கிங் எழுதியது ஒரு வரி, ரெண்டு வரி.

கதாநாயகி அழுதுகொண்டே இருக்கும் நாவலுக்கு: 'மண்ணுல தண்ணி ஜாஸ்தி. காயறதுக்குள்ள சூளையில வெச்சிட்டாரு.'

ராஜா ராணி நாடகத்துக்கு: 'மேல பளபளன்னு இருக்குது. உள்ள வேவல.'

நாலு வரிக் கவிதைக்கு: 'சின்னதுதான். தட்டினா சத்தம் நிக்க மாட்டேங்குது.'

கடைசிப் பாடம் ஒரு கட்டுரை. எழுதியவர் எங்கள் பேராசிரியர் அம்மாவேதான். அதற்கும் எழுதிவிட்டான்: 'நல்ல மண்ணு. கைப்பிடி இல்லாத கப்பு. எங்க புடிக்கிறதுன்னு தெரியல.'

"டேய், மார்க் போயிடும்டா. மாத்தி எழுதுடா."

"விரிசல் கப்ப பாஸ் பண்ணச் சொல்றியா?"

எனக்கு மனசு கேட்கவில்லை. நோட்டுகளை நானே கொண்டுபோய் வைக்கிறேன் என்று வாங்கி, அவனுடையதைப் பையில் ஒளித்துவிட்டு, அவன் பெயரில் புது நோட்டு எழுதி வைத்தேன். எல்லாம் கைடு.

மறுநாள் அம்மா அதைப் பிரித்தார். "'காலத்தை வென்ற கருத்துச் செறிவு.' ஏம்ப்பா, இத நீயா எழுதின?"

செக்கிங் எழுந்து போனான். நோட்டை வாங்கினான். பேனா மூடியால் தட்டினான். காதில் வைத்தான்.

"இல்லங்கம்மா. சத்தமே வரல."

வகுப்பே சிரித்தது. நான் எழுந்தேன். "நான்தாம்மா எழுதுனேன்" என்று அவன் பழைய நோட்டை எடுத்துக் கொடுத்தேன்.

அம்மா நின்றபடியே படித்தார். நாவலுக்கு உதட்டைக் கடித்துக்கொண்டார். நாடகத்துக்குச் சிரித்தேவிட்டார். கடைசிப் பக்கம் வந்ததும் சிரிப்பு நின்றது.

"சரி, கைப்பிடிய எங்க வெக்கலாங்கிற?"

"நாலாவது பக்கத்துல உங்க ஊருக் கெணறு ஒண்ணு வருது பாருங்கம்மா. அங்கருந்து ஆரம்பிச்சிருந்தா ஜம்முனு புடிச்சிருக்கலாம்."

அம்மா நாலாவது பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து அவன் நோட்டில் கையெழுத்துப் போட்டார். என் பக்கம் திரும்பினார். "கையெழுத்து இல்லாதது உனக்குத்தான். கைட மூடி வெச்சிட்டு எழுதிட்டு வா."

ஒரு வாரம் திண்டாடினேன். அந்த நாவலைப் பற்றி என் வாழ்க்கையின் முதல் சொந்தக் கருத்தை எழுதினேன்: 'நாயகி அழும்போதெல்லாம் எனக்குப் பசித்தது.' பயந்துகொண்டே செக்கிங்கிடம் நீட்டினேன். தட்டினான். ரொம்ப நேரம் காதில் வைத்திருந்தான்.

"லேசா கீறல் இருக்குது. ஆனா வெந்துட்டுதுடா."

அம்மாவும் கையெழுத்துப் போட்டார். ஆனால் எனக்கு மார்க் வந்தது அதற்கு முன்பே, அவன் தட்டியபோதே.

இதை எழுதி முடித்ததும் தாளைப் பேனா மூடியால் தட்டிக் காதில் வைத்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவன் பக்கத்தில் இருந்திருந்தால் தேவலை.