குறை சொல்லி விற்ற லொறி

"ஒயில் ஒழுகும்," என்றார் மர்சூக், வந்தவர் லொறியைத் தொடுவதற்கு முன்பே.

லெட்சுமணன் நீட்டிய கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். தேயிலைத் தோட்டத்துப் பக்கம் மரக்கறி கொண்டுபோய் விற்கிறவர். மனைவி சுந்தரம்மாவோடு பஸ் ஏறிப் பலாபத்வலைக்கு வந்திருந்தார்.

"நெறைய ஒழுகுமா நானா?"

"நின்ன எடமெல்லாம்."

மர்சூக்குக்கு லொறியை விற்க மனமே இல்லை. ஆனால் போன வாரம் நாலந்தாவில் ஒருவரிடம் வாங்கிய, அதிகம் ஓடாத லொறி முற்றத்தை அடைத்துக்கொண்டு பளபளவென்று நின்றது. பழையது போகவேண்டும் என்று மனைவி நூருன்னிஸா முடிவாகச் சொல்லிவிட்டாள்.

பழையதில்தான் மகள் அஸ்ரா குழந்தையாகத் தூங்கினாள். அந்த இஞ்சின் சத்தம் கேட்காவிட்டால் அழுது ஊரைக் கூட்டிவிடுவாள். இப்போது புருஷனோடு கட்டாரில் இருக்கிறாள். தம்புள்ளையிலிருந்து மரக்கறி ஏற்றி வரும்போது, காலியாகக் கிடக்கும் பக்கத்துச் சீட்டை மர்சூக் பார்ப்பார். பிள்ளையை நினைத்து நெஞ்சு ஏங்கும். வேறு லொறியில் அந்த ஏக்கத்துக்குக்கூட இடமிருக்காது.

நூருன்னிஸாவை எதிர்க்க முடியாது. வாங்க வருகிறவரை விரட்டலாமே! பொய்யும் தேவையில்லை. விற்கிற சாமானின் குறையை மறைக்கக்கூடாது என்பது மார்க்கம். இந்த லொறியில் குறைக்கா பஞ்சம்?

"எடது கதவு உள்ளுக்கால தொறக்காது தம்பி. மழ பெஞ்சா தலையில ஊத்தும். ஏத்தத்துல மூச்சு வாங்கும்."

லெட்சுமணனின் முகம் மலர்ந்தது. "இப்பிடி ஒரு மனுசன நான் பாத்ததே இல்லீங்க. எல்லாரும் மூடி மறைச்சுத்தானே விப்பாங்க!"

மர்சூக்குக்குப் பகீரென்றது.

"எதுக்கும் ஓட்டிப் பாத்துட்டுப் பேசுங்க," என்று அவசரமாகச் சாவியைக் கொடுத்தார். அன்று காலையில்கூட நாலு பேர் தள்ளித்தான் அது கிளம்பியது.

ஆனால் துரோகி! சாவியைத் திருப்பியதும் கிளம்பியது. மேட்டில் ஏறி இறங்கி, ஒரு சொட்டு ஒயிலும் சிந்தாமல் வந்து நின்றது.

"பாத்தீங்களா? உள்ள கொறையக் கூட்டியே சொல்லியிருக்காரு," என்று லெட்சுமணன் மனைவியிடம் நெகிழ்ந்துபோனார்.

மர்சூக்கிடம் கடைசி வழி ஒன்றுதான் மிச்சம். கேட்கவே நா கூசுகிற ஒரு விலையைக் கேட்டார்.

"இவ்வளவு உண்ம பேசுறவரு வெலையில மட்டும் ஏமாத்துவாரா?" என்று லெட்சுமணன் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார்.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றபடி நூருன்னிஸா தேத்தண்ணியோடு வந்தாள். இனி வாயைத் திறந்து என்ன பயன்? மர்சூக் பழைய லொறியின் கதவைத் தடவிக்கொடுத்தார்.

"மெதுவா ஓட்டுங்க தம்பி. பிள்ள மாதிரி வச்சிருந்தது."

"இஞ்ச பாருங்க, எதுக்கு இப்ப கண் கலங்குறீங்க?" என்றாள் நூருன்னிஸா. "அதான் நல்ல லொறி ஒண்டு வாசல்ல ஈக்குதே."

அதுவரை வாயே திறக்காத சுந்தரம்மா அந்தப் பளபள லொறியைச் சுற்றிவந்து பார்த்தாள்.

"இதையா நானா வாங்கினீங்க? நாலந்தாவுல நாங்கதான் மொதல்ல பாத்தோம். அந்தாளு ஒரு கொறையும் சொல்லல, அதான் பயந்துபோயி வேணாம்னு வந்துட்டோம்."