தேதி போடாத கிண்ணம்

"தயிரு எப்படி இருக்கு?" என்றுதான் தங்கமணி போனில் முதலில் கேட்டாள். புருஷன் எப்படி இருக்கிறான் என்பதெல்லாம் அதற்குப் பிறகு, நேரம் இருந்தால்.

"தயிருக்கென்ன? ஜம்முனு இருக்கு" என்றான் மாடசாமி.

"தெனமும் உறை ஊத்துதீங்கள்லா?"

"ம்."

"பால் கைச்சூடு இருந்தாப் போதும். கொதிக்கக் கொதிக்க ஊத்திராதீங்க. நாளைக்கு அம்மா திதி முடிஞ்சதும் ராத்திரி பஸ் ஏறுதேன். திங்கக்கிழமை காலையில ஓசூர்ல இருப்பேன்."

போனை வைத்த பிறகுதான் மாடசாமி ஃபிரிட்ஜைத் திறந்தான். கீழ்த்தட்டு பளபளவென்று இருந்தது. அங்கே ஒரு தயிர்க் கிண்ணம் இருந்ததற்கான அடையாளமே இல்லை. அவ்வளவு சுத்தமாக அவனேதான் துடைத்திருந்தான்.

மாடசாமி சிப்காட்டில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். வேண்டாததைக் கழி, வேண்டியதை அடுக்கு, துடைத்து வை என்று ஆரம்பிக்கும் ஃபைவ் எஸ் போட்டியில் போன வாரம் அவன் பிரிவுக்குத்தான் முதல் பரிசு. பரிசாகக் கிடைத்தது ஒரு ஃபிளாஸ்க்தான் என்றாலும் அது நேராக அவன் தலைக்கு ஏறிவிட்டது. வியாழக்கிழமை ஷிஃப்ட் முடிந்து வந்தவன், கழிக்க வேண்டிய சரக்கில் ஒட்டும் சிவப்புச் சீட்டுகளோடு சொந்தச் சமையலறைக்குள் இறங்கினான். தேதி முடிந்த ரசப்பொடிக்கு ஒரு சீட்டு. பெயர் எழுதாத டப்பாவுக்கு ஒன்று. ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு எவர்சில்வர் கிண்ணம் இருந்தது. மேலே மஞ்சளாகத் தண்ணீர், முகர்ந்தால் மூக்கில் ஏறும் புளிப்பு. தேதி கிடையாது. தேதி போடாத சரக்கு அவன் லைனில் ஒரு நிமிஷம் நிற்க முடியாது. சிங்க்கில் கவிழ்த்துவிட்டான்.

வேறு தயிராக இருந்தால் கடையில் ஒரு பாக்கெட்டோடு விஷயம் முடிந்திருக்கும். போன வருஷம் கோவில்பட்டியில் மாமியார் இறந்து, பதினாறாம் நாள் காரியம் முடிந்து சாமான்களைப் பிரித்தபோது, மூத்தவள் தோட்டை எடுத்துக்கொண்டாள், அண்ணி பித்தளை அண்டாவை எடுத்துக்கொண்டாள். தங்கமணி ஃபிரிட்ஜில் அத்தனை நாளாகப் புளித்துக் கிடந்த தயிரை எடுத்துக்கொண்டாள். அம்மா கடைசியாக உறை ஊற்றிய தயிர். டிபன் பாக்ஸில் போட்டு மடியில் வைத்துக்கொண்டே ஓசூர் வந்து சேர்ந்தாள். அன்று முதல் இன்றைய தயிரில் நாளைக்கு உறை என்று அது அறுபடாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஊரில் இல்லாத ஒரு வாரத்துக்குப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். மாடசாமி பார்த்துக்கொண்ட லட்சணம் இது.

குவாலிட்டிக்காரன் அல்லவா, மாற்று வழி யோசித்தான். கடைத் தயிரை வாங்கிப் பாலில் ஒரு கரண்டி விட்டு மூடி வைத்தான். மார்கழி மாத ஓசூர்க் குளிருக்கு இதெல்லாம் தெரியுமா? மத்தியானம் திறந்து பார்த்தால் பால் பாலாகவே இருந்தது.

கூட வேலை பார்க்கும் பிரேம்குமாரைப் போனில் பிடித்தான்.

"சூடு பத்தலண்ணா. ஹாட் பாக்ஸ்ல வெச்சுப் பாருங்க."

அடுத்த பாலை நன்றாகச் சூடாக்கி, சூடு போவதற்குள் உறையை ஊற்றி, ஹாட் பாக்ஸில் பூட்டினான். கொதிக்கக் கொதிக்க ஊற்றக் கூடாது என்று காலையில்தான் ஒருத்தி தலைப்பாடாகச் சொல்லியிருந்தாள். திறந்தபோது திப்பி ஒரு பக்கமும் தண்ணீர் ஒரு பக்கமுமாக விவாகரத்து ஆகியிருந்தது.

"அப்ப கேன்டீன் தயிருதான் கரெக்ட். நல்லாப் புளிச்சது. நானே கொண்டாரேன்" என்றான் பிரேம்குமார்.

கொண்டும் வந்தான். தண்ணீர் பாட்டிலில் அடைத்து, பைக்கில், சிப்காட் ரோட்டின் அத்தனை குழியிலும் குலுக்கி. மாடசாமி மூடியைத் திருகியதும் அது பீறிட்டுக்கொண்டு அவன் சட்டையிலும் மின்விசிறியிலும் அடித்தது. பாட்டிலில் மிஞ்சியதை முகர்ந்தான். வெங்காய வாசனை.

சாயங்காலம் வேறு வழியில்லாமல் கிண்ணத்தோடு கீழ்வீட்டுக்கு இறங்கினான். வீட்டுக்காரம்மா வெங்கடம்மாள் சாமி விளக்கை ஏற்றிவிட்டு அப்போதுதான் உட்கார்ந்திருந்தாள். தெலுங்கு பேசும் குடும்பம், அவளுக்குத் தமிழும் கன்னடமும் சரளம்.

"அக்கா, கொஞ்சம் உறைமோர் வேணும்."

"வெளக்கு வெச்சப்புறம் எங்கூட்ல தயிரு, மோரு குடுக்கறதில்ல சாமி. லச்சுமி போயிருவா."

"அவசரம்க்கா. ஒரே ஒரு ஸ்பூன்."

"தயிருல என்னா அவசரம்?"

சொல்லிவிட்டான்.

"என்னா நிறத்துல இருந்துச்சு? பச்சையா, கறுப்பா ஏதாச்சும் பூத்திருந்துச்சா?"

"இல்லக்கா. மேல மஞ்சத் தண்ணி நின்னுச்சு. ஒரே புளிப்பு வாடை."

"அட ராமா! அது தயிரு விட்ட தண்ணி. புளிச்சது வேற, கெட்டது வேறப்பா. அதைப் போயி கொட்டினியா?" என்றவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பை மறைத்தது போலவும் இருந்தது. "காலையில வா. உனக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுக்கப்போறேன்?"

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் போய் நின்றான். அவள் பெரிய தயிர்ச் சட்டியைத் தொடாமல், ஃபிரிட்ஜின் மூலையிலிருந்து தட்டு போட்டு மூடிய ஒரு சின்னக் கிண்ணத்தை எடுத்து, பாதியை அவனுக்கு ஊற்றினாள். சட்டித் தயிர் அவர்கள் வீட்டுக்கு வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

இந்த முறை பாலில் விரலை விட்டு, சுடவில்லை, இதமாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் உறை ஊற்றினான். பழைய போர்வையால் சுற்றி, குழந்தையைத் தூங்கவைப்பது போல அலமாரிக்குள் வைத்தான். மாலையில் திறந்தபோது கத்தி போட்டு வெட்டலாம் போல உறைந்திருந்தது. தங்கமணியின் கிண்ணத்துக்கு மாற்றிக் கீழ்த்தட்டில் வைத்தான். கண்ணால் பார்த்து யாரும் வித்தியாசம் சொல்ல முடியாது.

திங்கட்கிழமை காலை தங்கமணி வந்தாள். பையை வைத்தாள். மின்விசிறியில் காய்ந்திருந்த வெள்ளைப் புள்ளிகளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். குளித்துவிட்டு வந்து, பழைய சோற்றில் தயிரை ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். கை அப்படியே நின்றது. கண் நிறைந்துவிட்டது.

"எங்கம்மா தயிரேதான்" என்றாள். "ஊர்ல எல்லாரும் அம்மா படத்துக்கு முன்னாடி அழுதாங்க. எனக்கு அங்க அழுகையே வரல. இதைச் சாப்பிடவும்தான் வருது."

பேசாமல் இருந்தால் போதும், பிழைத்துவிடலாம். மாடசாமிக்கும் அது தெரியும். ஆனால் அவள் இரண்டாவது வாய் அள்ளியபோது அவனால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. யார் வீட்டுத் தயிருக்கோ இவளை அழவைக்கிறோமே. எத்தனை நாள் அழவைப்பது? நாளைக்கும் இதே உறை, மறுநாளும் இதே பொய்.

"தங்கம், சாப்பிடாத. அது அத்தை தயிர் இல்ல."

அவள் நிமிர்ந்தாள்.

"அதை நான் கொட்டிட்டேன். கெட்டுப்போச்சுன்னு நெனைச்சு சிங்க்ல ஊத்திட்டேன். போன்ல சொன்னதும் பொய்தான். இது கீழ்வீட்டு அக்காகிட்ட கெஞ்சி வாங்கினது. மன்னிச்சிரு தங்கம்."

தங்கமணி அவனையே பார்த்தாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்து நின்றான். வரவில்லை. கண்ணீரும் துடைக்கப்படாமல், உதடும் ஒரு ஓரமாகக் கோணி, அவள் முகம் என்னவோ செய்துகொண்டிருந்தது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பதினோரு வருஷப் புருஷனுக்கே புரியவில்லை.

ஊரிலிருந்து வந்தவளைப் பார்க்க மாடியேறி வந்த வெங்கடம்மாள், வாசல் நிலையைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்:

"எங்கூட்டுத் தயிரைக் குடுத்தேன்னு உனக்கு யாரு சாமி சொன்னாங்க? 'எங்கூட்டுக்காரரு எப்படியும் கொட்டிட்டு வந்து நிப்பாரு, அப்ப இதைக் குடுங்கக்கா'ன்னு ஊருக்குப் போற அன்னிக்கே ஒரு கிண்ணம் எங்கிட்டக் குடுத்துட்டுத்தானே உம் பொண்டாட்டி பஸ் ஏறுச்சு!"